பவளத் தொட்டியும் காரக் கையிருப்பும்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு பி.எச். என்ற இரண்டு எழுத்தில் வந்து நிற்கும். "காலையில் பார்த்தால் 7.8 தான் இருக்கிறது, 8.3 ஆக்க என்ன ஊற்றலாம்?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் ஒன்றும் ஊற்ற வேண்டாம் என்பேன். தொட்டி வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய எண்கள் நாலைந்து உண்டு. அவற்றில் கடைசியாகப் பார்க்க வேண்டியது பி.எச். முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அரசாங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தாவுக்கும் பவளப் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல எங்கள் குடும்பத்திலும் பாதி பிரான்சில் இருக்கிறது. மகள் வீடு பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகர் அடுக்ககத்தில். மாப்பிள்ளைக்குப் பவளத் தொட்டிப் பைத்தியம். கூடத்தில் 300 லிட்டர் தொட்டி. கல், மண் போகத் தண்ணீர் மட்டும் 250 லிட்டர் இருக்கும். மூன்று குளிர்காலம் அங்கே தங்கியிருந்தேன். வெளியே நாலு டிகிரி குளிர். உள்ளே தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி. கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டு வாங்கி, காலை மாலை என்று கோடு போட்டு, மாப்பிள்ளை அளக்கும் எண்களை எல்லாம் எழுதி வந்தேன். அந்த நோட்டுதான் எனக்கு இந்த விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது.

முதலில் பி.எச். என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1909-இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சென் என்ற டென்மார்க் வேதியியலாளர் உண்டாக்கிய அளவுகோல் அது. பீர் காய்ச்சும் நிறுவனம் நடத்திய ஆய்வுக்கூடம். நொதிகள் எந்த அளவு புளிப்பில் நன்றாக வேலை செய்கின்றன என்று பார்க்கும்போது, தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அயனியின் அளவைப் பூச்சியம் பூச்சியமாக எழுதிக் கை வலித்ததால், அடுக்கை மட்டும் எடுத்து எழுதினார். அந்த 'பி' எந்தச் சொல்லின் முதலெழுத்து என்று இன்னும் சர்ச்சை செய்கிறார்கள். பிரெஞ்சில் படித்த எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. 'புய்சான்ஸ்', அதாவது அடுக்கு, என்று ஆசிரியர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம்.

எங்கள் பள்ளியில் மீட்டர் எல்லாம் கிடையாது. லிட்மஸ் காகிதம்தான். பிரெஞ்சில் அதன் பெயர் 'தூர்ன்சோல்' காகிதம். சூரியகாந்திப் பூவுக்கும் அதே பெயர்தான். சூரியகாந்தியை அரைத்துத்தான் அந்தக் காகிதம் செய்கிறார்கள் என்று வகுப்பில் பாதிப் பேர் நம்பினார்கள். உண்மையில் லிட்மஸ் வருவது லைக்கனிலிருந்து. புளித்தண்ணீரில் சிவப்பு, சுண்ணாம்புத் தண்ணீரில் நீலம். ஏழுக்குக் கீழே அமிலம், ஏழுக்கு மேலே காரம். அவ்வளவுதான் பி.எச். சொல்லும் செய்தி. ஆனால் அது அடுக்குக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. 8.2 என்பது 7.9 ஆனால் ஏதோ மூன்று பைசா குறைந்ததுபோல் தோன்றும். அங்கே ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது.

இப்போது அந்த இன்னொரு எண். ஆங்கிலத்தில் அதற்கு ஆல்கலினிட்டி என்று பெயர். தமிழில் அதைக் காரத்தன்மை என்கிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பி.எச். ஏழுக்கு மேலே இருந்தாலும் 'காரத்தன்மை உள்ள நீர்' என்கிறோம். இதையும் காரத்தன்மை என்கிறோம். மிளகாய்க்கும் காரம்தான். ஒரே சொல் மூன்று இடத்தில் சம்பளம் வாங்குகிறது. பி.எச். அதிகம் என்றால் ஆல்கலினிட்டி அதிகம் என்று பலர் நினைத்துக்கொள்வதற்கு இந்தச் சொல்லே பாதிக் காரணம். பிரெஞ்சில் ஒரு நல்ல பெயர் உண்டு: 'ரெசேர்வ் அல்கலீன்'. நான் அதைக் காரக் கையிருப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். இனி இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பெயர்தான்.

கையிருப்பு என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். ஒரு குடும்பத்தலைவர் இன்று காலை சிரித்த முகத்தோடு இருக்கிறாரா, சிடுசிடுவென்று இருக்கிறாரா என்பது பி.எச். அவர் பெயரில் வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது காரக் கையிருப்பு. சிரித்த முகத்தோடு கடனாளியாக இருப்பவர்களும் உண்டு, லட்சங்களை வைத்துக்கொண்டு சிடுசிடுப்பவர்களும் உண்டு. தண்ணீரில் அமிலம் சேரும்போது அதை எதிர்கொண்டு அடக்குவதற்கு எவ்வளவு சரக்கு இருப்பில் இருக்கிறது என்பதைத்தான் காரக் கையிருப்பு சொல்கிறது. கடல்நீரில் அந்தச் சரக்கில் பெரும்பகுதி பைகார்பனேட், கொஞ்சம் கார்பனேட், மிகக் கொஞ்சம் போரேட்.

இதை அளக்கும் முறை பி.எச். அளவுகோலைவிட நூறு வருஷம் பழையது. 1806-இல் தெக்ருவாசில் என்ற பிரெஞ்சுக்காரர் 'அல்கலிமீட்டர்' என்று ஒரு கண்ணாடிக் குழாய் செய்தார். சோப்புக்கும் சலவைக்கும் கடையில் வாங்கும் சோடா உப்பு உண்மையில் எவ்வளவு வீரியம் என்று பார்ப்பதற்காக. நம் ஊரில் வண்ணார்கள் உவர்மண் எடுத்துத் துணி வெளுத்தார்களே, அந்தச் சரக்கின் வீரியத்தை அளப்பது போன்ற வேலை. முறை எளிது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், சாயம் நிறம் மாறும் வரை எத்தனை சொட்டு ஆயிற்று என்று எண்ண வேண்டும். இன்று மாப்பிள்ளை செய்வதும் அதேதான். ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர், அதில் சாயம், நீலம் மஞ்சளாகும் வரை சொட்டு. ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி. ஐந்துக்குப் பதில் பத்து மில்லி எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டு அரை டிகிரி ஆகிவிடும். கணக்கு இன்னும் துல்லியமாகும். பத்து மில்லிக்கு ஏற்றபடி சாயமும் இரண்டு மடங்கு விட வேண்டும்.

ஜெர்மன் டிகிரி என்றேன். இதில் நாட்டுக்கு ஒரு நாணயம் உண்டு. 2.8 ஜெர்மன் டிகிரியும் 5 பிரெஞ்சு டிகிரியும் ஒன்று. அதையே லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றும் எழுதுவார்கள். லிட்டருக்கு ஒரு மில்லி ஈக்விவலென்ட் என்றும் எழுதுவார்கள். பிரெஞ்சுக் குடிநீர் அறிக்கையில் பிரெஞ்சு டிகிரியில் இருக்கும் எண்ணைத் தொட்டிக்காரர் ஜெர்மன் டிகிரி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தப்பும். திறந்த கடலில் காரக் கையிருப்பு ஏறக்குறைய 6.5 முதல் 7 ஜெர்மன் டிகிரி. தொட்டியில் 7 முதல் 9 வரை வைத்துக்கொண்டால் நிம்மதி. சிலர் 11 வரை கொண்டுபோகிறார்கள்.

இனி பவளத்துக்கு வருவோம். பவளம் என்பது பூச்சி கட்டும் சுண்ணாம்பு வீடு. அதற்குச் செங்கல் கால்சியம், காரை கார்பனேட். இரண்டையும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எடுக்கிற விகிதம் மாறவே மாறாது. 2.8 டிகிரி காரக் கையிருப்பு செலவானால், லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவாகும். இரட்டைப் பதிவு முறைக் கணக்கு போல. இந்தப் பக்கம் ஒரு பற்று எழுதினால் அந்தப் பக்கம் ஒரு பதிவு கட்டாயம் உண்டு.

இந்த விகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு தொட்டியில் காரக் கையிருப்பு 8, கால்சியம் 420 என்று வைத்துக்கொள்ளுங்கள். பவளங்கள் வளர்ந்து காரக் கையிருப்பு 5.2-க்கு வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அப்போது கால்சியம் எவ்வளவு? 400. இருபதுதான் குறைந்திருக்கிறது. கால்சியத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பவர் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டிருப்பார். பி.எச். மட்டும் பார்ப்பவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வீட்டுக்குள் பட்டினி தொடங்கியதை முதலில் சொல்வது காரக் கையிருப்பு ஒன்றுதான். அதனால்தான் அதை முதல் எண் என்கிறேன்.

மாப்பிள்ளை தொட்டியில் திங்கட்கிழமை 8 இருந்தது. எதுவும் சேர்க்காமல் விட்டு வியாழக்கிழமை பார்த்தால் 6.5. மூன்று நாளில் ஒன்றரை டிகிரி, அதாவது நாளுக்கு அரை டிகிரி செலவு. இது தெரிந்துவிட்டால் பட்ஜெட் போட்டுவிடலாம். நூறு லிட்டர் தண்ணீரில் ஒரு டிகிரி ஏற்றுவதற்கு 3 கிராம் சமையல் சோடா போதும். 250 லிட்டருக்கு 7.5 கிராம். நாளுக்கு அரை டிகிரி என்றால் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆப்ப மாவில் போடுகிற அதே சோடாதான். இதற்கு வண்ண வண்ணமாக லேபிள் ஒட்டிய பாட்டில்கள் அவசியம் இல்லை. கால்சியத்துக்குத் தனியாகக் கால்சியம் குளோரைடு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கண்ணெதிரே வெள்ளையாகத் திரிந்து அடியில் சுண்ணாம்பாகப் படியும்.

சரி, அப்படியானால் பி.எச். ஏன் காலையில் 7.8-க்கு இறங்குகிறது? இதற்கு என் பள்ளிக்கூடச் சுண்ணாம்புத் தண்ணீரே பதில் சொல்லும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால்போல வெளுக்கும். நம் மூச்சில் உள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆவதால் வரும் வெண்மை அது. அத்தோடு நிறுத்தாமல் அந்த வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால், வெளுத்த தண்ணீர் மறுபடியும் தெளிந்துவிடும். கரையாத கார்பனேட், கரைகிற பைகார்பனேட்டாக மாறிவிட்டது. கரியமில வாயு கூடினால் சுண்ணாம்பு கரையும், குறைந்தால் சுண்ணாம்பு படியும். பவளத் தொட்டியின் வேதியியல் முழுவதும் அந்தக் கண்ணாடிக் குவளைக்குள்ளேயே இருக்கிறது.

கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் ஆகும்; பி.எச். இறங்கும். ஆனால் காரக் கையிருப்பு இம்மியும் குறையாது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். இரவில் விளக்கு அணைந்ததும் தொட்டியில் உள்ள எல்லா உயிரும் மூச்சு மட்டும் விடுகின்றன. ஒளிச்சேர்க்கை இல்லை. ஆகவே விடியற்காலையில் பி.எச். தாழ்ந்திருக்கும். பகலில் விளக்கு எரியும்போது பாசியும் பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்ப் பாசியும் கரியமில வாயுவைச் சாப்பிடும். மாலையில் பி.எச். ஏறியிருக்கும். இந்த ஏற்ற இறக்கம் நோயே இல்லை. நம் உடம்புச் சூடும் விடியலில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரிதானே இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுக் கதை இதற்கு மேலும் ஒரு படி. என் முதல் குளிர்காலத்தில், டிசம்பர் மாதம், காலையில் 7.75, மாலையில் 7.95. அவருக்குத் தூக்கம் போய்விட்டது. 'பி.எச். உயர்த்தி' என்று ஒரு பாட்டில் வாங்கி வந்து தினமும் ஊற்றினார். ஊற்றிய ஒரு மணி நேரம் எண் ஏறும். அவர் முகத்திலும் வெளிச்சம் வரும். மறுநாள் காலையில் பழைய எண்ணே. இன்னொரு மூடி ஊற்றுவார். மூன்று வாரம் கழித்து என் நோட்டைப் புரட்டினால் பி.எச். அதே 7.8. காரக் கையிருப்பு மட்டும் 8-லிருந்து 12-க்குப் போயிருந்தது. நீர் சூடேற்றியின் மேல் வெள்ளை ஓடு கட்டியிருந்தது. ஆக்ரோபோரா கிளைகளின் நுனி வெளுக்கத் தொடங்கியது.

"மாப்பிள்ளை, நீங்க ஊத்தறது எல்லாம் கையிருப்புல போய் உக்காருது. பி.எச். அசையவே இல்ல, பாருங்க" என்று நோட்டைக் காட்டினேன்.

"அப்ப என்னதான் பண்றது மாமா? 8.3 இருக்கணும்னுதானே சொல்றாங்க" என்றார்.

அந்தப் பாட்டிலில் இருந்தது கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான். அதற்கு வேறு வித்தை தெரியாது. காற்றில் கரியமில வாயு அதே அளவு இருக்கும்போது, காரக் கையிருப்பை ஒன்றரை மடங்கு ஆக்கினாலும் பி.எச். ஏறக்குறைய 0.15 தான் உயரும். அதே சமயம் அறையில் உள்ள கரியமில வாயுவைப் பாதியாகக் குறைத்தால் ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாமல் 0.25-க்கு மேல் உயரும். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் அடைத்து, பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு, ஓயாத கேஸ் அடுப்பு என்று இருக்கும் வீட்டில் அது ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு செலவில்லாத சோதனை இருக்கிறது. தொட்டியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் எடுத்துப் பி.எச். பாருங்கள். அதைப் பால்கனியில் வைத்து, சிறிய காற்று மோட்டாரால் ஒரு மணி நேரம் வெளிக்காற்றைக் குமிழியிடுங்கள். மறுபடி அளங்கள். எண் ஏறியிருந்தால் தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரியமில வாயு இருந்தது என்று அர்த்தம். இன்னொரு குவளை எடுத்து, வீட்டுக்குள் உள்ள காற்றால் அதே சோதனையைச் செய்யுங்கள். அதில் ஏறாவிட்டால் குற்றவாளி தொட்டி இல்லை, அறை. மாப்பிள்ளை வீட்டில் வெளிக்காற்றுக் குவளை 8.2-க்குப் போனது. அறைக்காற்றுக் குவளை இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று முதல் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஜன்னல் திறக்கும் வழக்கம் வந்தது. ஹீட்டர் செலவு கூடும் என்று மகள் முணுமுணுத்தாள். நுரை பிரிக்கும் கருவிக்குப் போகும் காற்றுக்குழாயை மாப்பிள்ளை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட்டார். பாட்டில் அலமாரிக்குள் போயிற்று. காரக் கையிருப்பு தானாகச் செலவாகி எட்டுக்கு இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பி.எச். 8.0-க்கும் 8.2-க்கும் இடையே ஓடியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. அந்தக் கூடத்தில்தான் பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளியிலிருந்து வந்து படிக்கிறார்கள், அங்கேயே தூங்கியும் விடுகிறார்கள். இந்த வீட்டுக் காற்று நன்றாக இல்லை என்று மூன்று வாரமாகத் தொட்டி சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டில் செய்த வேலை, சொல்கிறவன் வாயை அடைத்தது.

இந்த இடத்தில் என் உத்தியோக காலம் நினைவுக்கு வருகிறது. மேலதிகாரிக்கு ஒரு எண் பிடிக்காவிட்டால், அந்த எண் ஏன் அப்படி வந்தது என்று விசாரிக்காமல், அறிக்கையில் எண்ணை மட்டும் 'சரி' செய்து அனுப்பும் இடங்கள் உண்டு. மாதக் கடைசியில் தாள் அழகாக இருக்கும். வருஷக் கடைசியில் தணிக்கை வரும்போது ஓட்டை தெரியும். பி.எச். உயர்த்தி பாட்டில் அப்படிப்பட்ட ஒரு பேனா. எண் என்பது ஒரு நிலைமையின் விளைவு. விளைவைத் திருத்துவது திருத்தம் ஆகாது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 'பி.எச். உயர்ந்திருந்தால் பவளம் வேகமாக வளர்கிறது' என்கிறார்கள். உண்மைதான். சுற்றியுள்ள தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி குறைவாக இருந்தால் பவளத்துக்குச் சுண்ணாம்பு கட்டுவது எளிது. 7.7-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் வளர்ச்சி மந்தப்படும். 8.5-க்கு மேலே போனால் தண்ணீரிலேயே சுண்ணாம்பு திரிந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பி.எச். பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 7.8-க்கும் 8.4-க்கும் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். இறங்கினால் முதலில் ஜன்னலைத் திறங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமானால் சுண்ணாம்பு இருக்கிறது.

ஆமாம், சுண்ணாம்பு. பாரிசில் இதை 'கால்க்வாசர்' என்று ஜெர்மன் பெயர் சொல்லிப் பெரிய ரகசியம்போல் பேசுகிறார்கள். எங்கள் பாட்டி பானையில் வைத்திருந்த சுண்ணாம்புத் தெளிவேதான். நீற்றிய சுண்ணாம்பை ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, மண்டி அடங்கவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுப்பது. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். தொட்டியில் ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக, இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது கால்சியத்தையும் காரக் கையிருப்பையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் திருப்பித் தருகிறது. கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்கிறது. ஒரு கணக்கில் மூன்று வரவு. ஆனால் அதன் பி.எச். 12-க்கு மேல். ஒரே மூச்சில் கொட்டினால் மீன் செத்துவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். வெற்றிலைக்குத் தடவும்போதே கொஞ்சம் அதிகமானால் நாக்கு வெந்துபோகிறதே, அந்தப் பயம் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் சுருக்கி மூன்று வரியில் சொல்வதானால்: காரக் கையிருப்பை வாரம் இரண்டு முறை, ஒரே நேரத்தில், ஒரே கையால் அளந்து எழுதுங்கள். எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பதைவிட ஒரே எண்ணில் நிற்க வேண்டும் என்பது முக்கியம். ஏழரையில் நிலையாக நிற்கும் தொட்டி, எட்டுக்கும் பதினொன்றுக்கும் ஊஞ்சலாடும் தொட்டியைவிட மேல். ஏற்ற வேண்டியிருந்தால் நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாராவது பவளத் தொட்டி வைக்கக் கிளம்பிவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாறை கட்டும் பவளம் அத்தனையும் 2001 முதல் நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். பிரான்சில் மாப்பிள்ளை வைத்திருப்பவை எல்லாம் செம்பருத்திக் கொம்பை ஒடித்து நடுவதுபோல், இன்னொரு தொட்டிக்காரரின் பவளத்திலிருந்து ஒடித்து ஒட்டி வளர்த்தவை. 'அங்கே வைக்கலாம், இங்கே ஏன் கூடாது' என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கோபம் இல்லை. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்ததும், பிறகு சட்டம் இறுகியதும் அதனால்தான்.

அந்தக் கடலைப் பற்றி நினைக்கும்போது என் நோட்டில் எழுதிய எண்களுக்கு வேறு அர்த்தம் வருகிறது. தொழில் யுகத்துக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு. இப்போது 420-க்கு மேல். கடல் மேற்பரப்பின் சராசரிப் பி.எச். 8.2-லிருந்து 8.1-க்கு வந்துவிட்டது. அடுக்குக் கணக்கில் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. கடலின் காரக் கையிருப்பு ஏறக்குறைய பழையபடிதான் இருக்கிறது. மாறியது மேலே இருக்கும் காற்று. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நடந்ததேதான் அங்கேயும் நடக்கிறது. ஆனால் கடலுக்கு ஊற்றப் பாட்டிலும் கிடையாது, திறக்க ஜன்னலும் கிடையாது. உள்ளே அடுப்பை அணைப்பது ஒன்றுதான் வழி.

தொட்டி வைத்திருப்பவர்கள் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். 0.1 குறைந்தால் என்ன குறைந்துவிடும் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை இப்போது கேட்பதில்லை. பேரன் பள்ளிக்குப் போகும்முன் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகிறான். நோட்டு இப்போது அவனிடம் இருக்கிறது. கோடு கொஞ்சம் கோணல், எண்கள் சரியாக இருக்கின்றன.